வால்பக்கத்துச் சொற்கள்

கடிதம் நாலு பக்கம் வந்தது. அப்பியாசக் கொப்பியின் நடுத்தாள்களைக் கிழித்து, ஒரு சொல்லைக்கூட வெட்டித் திருத்தாமல், அற்புதராணி அதை ஆங்கிலத்தில் எழுதி முடித்திருந்தாள். மை காயட்டும் என்று தாள்களைப் பாயில் பரப்பிவிட்டு நிமிர்ந்தபோது தாய் கத்தரீனா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்பாவின்ரை பேரைப் போட்டனியோ?"

"போட்டனான் அம்மா."

"நாலு பக்கமும் அவரைப் பற்றித்தானோ?"

ராணி தாள்களை மடித்தாள்.

அப்பா சந்தியோகு கடலுக்குப் போய் ஒன்பது நாள். காற்றுக் குழம்பி வள்ளம் இழுபட்டுப் போனதையும், நேவியின் ரோந்துப் படகொன்று வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனதையும் பின்னால் வந்த வள்ளத்துக்காரர்கள் கண்டிருந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள், உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒருவருமில்லை. நல்லூரில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம் இருந்தது. காணாமற் போனவர்களின் விபரத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் அதை ஆமி இருக்கிற பக்கம் கொண்டுபோய் விசாரிப்பார்கள். ஆள் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தால் திரும்பி வருவதற்கு வழியுண்டு. இல்லையென்றால் இல்லை.

குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து அரியாலையில் ஒரு வளவுக்குள் குடியிருந்த அந்த நாற்பது குடும்பங்களில் பட்டதாரி அவள் ஒருத்திதான். அவளுக்கு முன்னால் அவள் வீட்டில் ஒருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆகவே கடிதம் எழுத வேறு ஆளைத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. நிறுவனத்துக்குப் போகத்தான் அவளுக்குக் கால் வரவில்லை. அங்கே முன்மேசையில் இருப்பவள் பத்மலோஜினி.

லோஜினியைத் தெரிந்த கதை எண்பத்தொன்பதாம் ஆண்டு கம்பஸில் தொடங்கியது. முதல் வாரம், ஆங்கில வகுப்பு. ஒவ்வொருவரும் எழுந்து தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். ராணியின் முறை வந்தது. என் தகப்பன் ஒரு மீனவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. முதல்நாளே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் பின்வரிசை வாங்கில் ஒருவன் மூக்கை உறிஞ்சி மணம் பிடித்தான். அவ்வளவுதான். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

சிரிக்காமல் இருந்தவள் பக்கத்தில் இருந்த கொக்குவில் பெட்டை ஒருத்தி.

"உவனைப் பாராதை. உவன் தமிழிலையே பெயில் விட்டவன்" என்றாள் லோஜினி.

அன்றைக்கு ராணி ஒரு முடிவெடுத்தாள். அது சரியான முடிவா என்று பிறகு பல வருசம் தன்னையே கேட்டிருக்கிறாள். தகப்பன், மீன், வள்ளம் என்கிற சொற்களை இனி ஆங்கிலத்தில் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டும் என்றால் ஒருவனாலும் மணம் பிடிக்க முடியாத பெரிய சொல்லாகத் தேடிச் சொல்வது.

அதற்கு அகராதி வேண்டும். லோஜினிக்கும் வேண்டியிருந்தது. இருவரும் பாதிப்பாதி போட்டு, நாட்டைவிட்டுப் போக நின்ற ஒரு மாஸ்ரரிடம் பழைய அகராதி ஒன்றை வாங்கினார்கள். தலையணைபோலத் தடிப்பு, அவ்வளவு மொத்தம். திங்கள் முதல் புதன்வரை கொக்குவிலில், வியாழன் முதல் சனிவரை குருநகரில், ஞாயிறு யாருக்குப் பரீட்சை கிட்டவோ அவளிடம். நாளுக்கு இருபது சொல். ராணி அவற்றைச் சிறிய துண்டுகளில் எழுதி, அப்பா கிழிந்த வலை பொத்தும் மூலையில் கயிற்றில் குத்தி வைப்பாள். வலை பொத்திக்கொண்டே சந்தியோகு கேட்பார்.

"உதெல்லாம் ஆர் கதைக்கிற சொல்லு பிள்ளை?"

"படிச்ச ஆக்கள் அப்பா."

"அவையளுக்குப் பசிச்சால் என்னெண்டு கேப்பினம்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் பகிடி அந்த நாட்களில் அவளுக்கு எரிச்சலைத் தந்தது.

ஏழு மாதம் சிநேகிதம் நன்றாகப் போனது. ஒரு வியாழக்கிழமை அகராதியைக் கையில் வாங்கியபோது தாள்களின் ஓரம் மஞ்சளாக இருந்தது. முதலில் பழசாகி மஞ்சள் பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலிலும் மஞ்சள்.

"இதென்னடி?"

லோஜினி சைக்கிள் கைபிடியைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மாதான். மீன் மணக்குதாம். சாமி அறைக்குப் பக்கத்து மேசையிலை வைக்கிறனான் எல்லே, அதுதான் கொஞ்சம்…"

"கொஞ்சம்?"

"மஞ்சள் தண்ணி தெளிச்சவ. வெயிலிலை சுளகிலை காய வைச்சுப்போட்டுத்தான் தந்தவ. ஒண்டும் பழுதாகேல்லை."

"ஒவ்வொரு கிழமையுமோ?"

லோஜினி பேசவில்லை. பேசாமல் நின்றதுதான் பதில். ஏழு மாதமாக, ஒவ்வொரு திங்களும், ராணியின் கைபட்ட புத்தகத்தை இரத்தினம்மா என்கிற அந்தத் தாய் தீட்டுக் கழித்து வீட்டுக்குள் எடுத்திருக்கிறாள். இவளும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பின்வாங்கில் இருந்து மூக்கை உறிஞ்சியவன் எவ்வளவோ மேல் என்று ராணிக்குத் தோன்றியது. அவன் முகத்துக்கு நேரே செய்தான்.

"வா. இண்டைக்கே பிரிச்சுப் போடுவம்" என்றாள்.

"விசரோ உனக்கு? டிக்சனரியை என்னெண்டு பிரிக்கிறது?"

"என்ரை அப்பாவுக்குத் தெரியும்."

லோஜினி முதன்முதலாகக் குருநகர் வீட்டு முற்றத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். சண்டைக்கான காரணத்தை ஒருவரும் சந்தியோகுவுக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. பங்கு என்று வந்தால் காரணம் கேட்பது அவருடைய வழக்கமில்லை. பெரிய மீனொன்றைப் பார்ப்பதுபோல அகராதியைப் புரட்டிப் பார்த்தார், கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். பிறகு பலகையில் வைத்து, விரற்கடையால் மொத்தத்தை அளந்து, நடுவில் பிரித்து, மீன் வெட்டும் கத்தியால் முதுகுத் தையலை ஒரே இழுவையில் அறுத்தார். எழுத்து எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. கத்தி ஆங்கிலத்தின் பதின்மூன்றாம் எழுத்துக்குள் புகுந்து, அதன் கால்வாசியைத் தலைப்பக்கத்திலும் மிச்சத்தை வால்பக்கத்திலும் விட்டுவிட்டது.

"வெட்டினவன்ரை ஆக்கள் கடைசியாத்தான் எடுக்கவேணும். அதுதான் கடற்கரை ஞாயம்" என்றார். "பிள்ளை, நீ எடு."

லோஜினி தலைப்பக்கத்தை எடுத்தாள். தொடக்கம் எப்போதும் பெரிது என்று நினைத்திருப்பாள். வால்பக்கம் ராணிக்கு.

அதன்பிறகு இரண்டரை வருசம் இருவரும் ஒரே வகுப்பில், மூன்று வாங்கு இடைவெளியில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் படித்தார்கள். சண்டை வாயால் நடக்கவில்லை, சொல்லால் நடந்தது. ஒருநாள் வகுப்பு விவாதத்தில் லோஜினி எழுந்து, எதிரணிப் பேச்சாளரான ராணி மிகவும் கன்ரான்கறஸ் ஆனவர் என்றாள். ராணிக்குப் பொருள் தெரியாது. அது தலைப்பக்கத்துச் சொல். அடுத்த கிழமை ராணி தன் முறை வந்தபோது சில சிநேகிதங்கள் பெர்பிடியஸ் என்றாள். துரோகமானவை என்று பொருள், வால்பக்கத்துச் சொல். லோஜினியின் முகம் சுருங்கியது. பொருள் தெரிந்து சுருங்கவில்லை, தெரியாமல் சுருங்கியது. அந்த முகத்தை நினைத்து நினைத்து ராணி இரண்டு நாள் இனித்துப்போய் இருந்தாள்.

கம்பஸ் நூலகத்தில் முழு அகராதி இருந்தது. போய்ப் பார்த்தால் என்ன? பார்த்தால் தோற்றதாகிவிடும். இருந்தும் ஒரு மத்தியானம், ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, கன்ரான்கறஸ் என்றால் என்னவென்று பார்க்கப் போனாள். அகராதி வைத்திருக்கும் மேசையில் ஏற்கெனவே ஒருத்தி குனிந்து நின்றாள். லோஜினி. பின்பாதிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் கண்டார்கள்.

"நான் வேறை சொல்லுப் பாக்க வந்தனான்" என்றாள் லோஜினி.

"நான் கேட்டனானோ?" என்றாள் ராணி.

ராணி வெளியே வந்துவிட்டாள். கன்ரான்கறஸ் என்றால் சண்டைக்குணம் பிடித்தவள் என்பது நாலு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிய வந்தது. அது சரியான சொல்தான் என்பதும் தெரிந்தது.

கோபத்தைப்போல நல்ல வாத்தியார் இல்லை. குருநகரில் ஷெல் விழத் தொடங்கிக் குடும்பம் அரியாலைக்கு இடம்பெயர்ந்தபோது ராணி தூக்கிக்கொண்டு ஓடியது இரண்டு பொருள். தையல்மெசினின் தலைப்பகுதி ஒன்று, அகராதியின் வால்பகுதி மற்றது. மண்ணெண்ணெய் இல்லாத, சவர்க்காரம் இல்லாத, கரன்ற் இல்லாத அந்த வருசங்களில் அவள் நாளுக்கு இருபதை நாற்பதாக்கினாள். கிணற்றடியில் வாளி இழுக்கும்போது ஒரு இழுவைக்கு ஒரு சொல். அயற்சனம் வாய் அசைவதைப் பார்த்து, சந்தியோகுவின் பெட்டை செபமாலை சொல்கிறாள், கன்னியாஸ்திரியாகப் போகப்போகிறாள் என்று கத்தரீனாவிடம் சொன்னார்கள். கத்தரீனா அதை நம்பி ஒருநாள் அழவும் செய்தாள். ராணி திருத்தவில்லை. பயம் என்று சொல்ல அவளிடம் இப்போது ட்ரெப்பிடேசன் இருந்தது. கோழை என்று சொல்லப் பியூசிலானிமஸ் இருந்தது. வாழ்க்கையின் ஏற்ற இறக்கத்துக்கு விசிசிற்றியூட்ஸ். இந்தச் சொற்களை யாரிடம் சொல்வது என்பதுமட்டும் இருக்கவில்லை.

தொண்ணூற்று மூன்று தை மாதம் சொல்ல ஒரு இடம் வந்தது. நல்லூர் நிறுவனம் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடியது. ஒரே ஒரு இடம். நேர்முகத்துக்கு வந்த பதினொரு பேரில் லோஜினியும் இருந்தாள். ராணியை உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, வெயிலில் மூக்குச் சிவந்து, களைத்துப்போய் இருந்தாள். இன்று காலை என்ன செய்தாய் என்று கேட்டாள். இவ்வளவு சின்னக் கேள்வியா? ராணி நிமிர்ந்து இருந்து, காலத்தின் விசிசிற்றியூட்ஸ் பற்றியும், தன்னுடைய ட்ரெப்பிடேசன் பற்றியும், அதை வென்ற விதம் பற்றியும் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னாள். அந்தப் பெண் பேனாவை எடுத்தாள், வைத்தாள், ஒன்றும் எழுதவில்லை.

அடுத்ததாக உள்ளே போன லோஜினியின் குரல் கதவுக்கு வெளியே கேட்டது. தண்ணி அள்ளினேன். பாண் வாங்கக் கியூவில் நின்றேன், கிடைக்கவில்லை. சைக்கிளில் வந்தேன். ஹெலிகொப்டர் வந்தது, மதகுக்குக் கீழே படுத்திருந்தேன். சின்னப்பிள்ளை ஆங்கிலம். தலைப்பக்கத்து அகராதியில் ஒரு சொல்கூட அதில் இல்லை. வெளியே இருந்து கேட்ட ராணி வெற்றி தனக்கென்றே நினைத்தாள்.

வேலை லோஜினிக்குக் கிடைத்தது. கொக்குவில் ஆள் என்றபடியால் கொடுத்தார்கள் என்று ராணி வளவில் சொன்னாள். வெள்ளைக்காரிக்குக் கொக்குவில் எது, குருநகர் எது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வியை அவள் தனக்குள் வரவிடவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அப்பா கடலில் இருந்து திரும்பாமற் போனார்.

ஆகவே இப்போது அந்த மேசைக்கு முன்னால் அவள் நின்றாள். கத்தரீனா கையில் ஒரு பொட்டலத்துடன் வெளியே கேற்றடியில் நின்றாள். லோஜினி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் கண் விரிந்தது. பிறகு அதைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

"இருங்கோ. என்ன விசயமாக வந்தனீங்கள்?"

நீங்கள்! அடி, நீ என்று கூப்பிட்ட வாய். செருப்பால் அடித்திருந்தாலும் ராணிக்கு இவ்வளவு உறைத்திருக்காது. நாலு பக்கத்தையும் மேசையில் வைத்தாள்.

லோஜினி வாசித்தாள். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள். ராணி அவளுடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்காவது ஒரு சொல்லில் அந்தக் கண் தடக்கி நிற்கவேண்டும் என்று, அந்த நேரத்திலும், அப்பா ஒன்பது நாளாக இல்லாத அந்த நேரத்திலும், அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அது இருந்ததை அவள் பிறகு ஒருநாளும் தனக்கு மறைக்கவில்லை.

கண் தடக்கி நின்றது.

"ப்ரொஜெனிற்றர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது ஆர்?"

"முன்னோர். பெற்றவர்."

"அப்பாவோ?"

"ஓம்."

"அப்பாவைக் காணேல்லை எண்டுதான் வந்தனீங்களோ?" லோஜினியின் குரல் ஒருகணம் இறங்கியது. உடனே மேலே ஏறியது. "அதை ஏன் ஒரு இடத்திலையும் எழுதேல்லை? பிஸ்கற்ரோரியல் வொக்கேசன் எண்டால் மீன்பிடியோ? வள்ளம் எண்டு ஏன் எழுதேல்லை? இதை வாசிக்கப்போறவன் ஆமிக்காம்பிலை ஒரு மேசையடியிலை நிண்டுகொண்டு வாசிப்பான். அவனுக்கு அரை நிமிசம்தான் நேரம். உங்கடை அப்பாவை அவன் எந்தச் சொல்லிலை தேடிப்பிடிக்கிறது?"

ராணி நாலு பக்கத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அங்கே நீதி இருந்தது, துயரம் இருந்தது, மனிதகுலத்தின் மனச்சாட்சி இருந்தது. தகப்பன் என்ற சொல் இல்லை. அந்தச் சொல் தலைப்பக்கத்தில் போய்விட்டது என்று சாட்டுச் சொல்ல முடியுமா? ஐந்தாம் வகுப்பில் படித்த சொல். அதற்கு எந்தப் பக்கமும் வேண்டியதில்லை.

லோஜினி புதுத்தாள் எடுத்தாள். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"பேர்?"

"சந்தியோகு. சூசைப்பிள்ளை சந்தியோகு."

"வயசு?"

"ஐம்பத்து நாலு."

"வள்ளத்தின்ரை நம்பர்?"

ராணி விழித்தாள்.

"நிறம்?"

"நீலம்… நீலம் எண்டுதான் நினைக்கிறன்."

"என்ன உடுப்போடை போனவர்?"

அன்றைக்குக் காலை அப்பா போனபோது அவள் கிணற்றடியில் நின்று தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தாள். வாயில் சொல் ஓடிக்கொண்டிருந்தது. வாறன் பிள்ளை என்று அவர் சொன்னதாகக்கூட ஞாபகம். என்ன உடுப்பு?

"உனக்கு ஒண்டுமே தெரியாதோடி?"

நீங்கள் உடைந்து நீ வெளியே வந்துவிட்டது. அதில் கனிவு இல்லை. பழைய சிநேகிதத்தின் கோபம் இருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. ராணி எழும்பிப் போய்க் கேற்றடியில் நின்ற தாயைக் கூட்டிவந்தாள்.

கையெழுத்துப் போடத் தெரியாத கத்தரீனா மேசைக்கு முன்னால் நின்று மடமடவென்று சொன்னாள்.

"நம்பர் ஒண்டு, ஒண்டு, ஏழு, நாலு. வள்ளம் நீலம். முன்பக்கம் அணியத்திலை வெள்ளைச் சிலுவை கீறியிருக்கு, ஒரு கை அழிஞ்சுபோச்சு. கட்டம்போட்ட பச்சைச் சாரம், வெள்ளை பெனியன், இடது தோளிலை கிழிசல், நான்தான் கறுப்பு நூலாலை தைச்சனான், வெள்ளை நூல் இல்லை பிள்ளை. வலது கையிலை சின்னவிரல் பாதி. திருக்கை அடிச்சது. ஒண்டுக்கும் கோவிக்கமாட்டார், அதையும் எழுது மோனை."

லோஜினி எழுதினாள். பதினொரு வரி. கடைசியில் சொன்னதையும் எழுதினாளா என்று ராணியால் தலைகீழாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசித்துக் காட்டியபோது ஒவ்வொரு சொல்லும் ராணிக்கு விளங்கியது. கயிற்றில் குத்திவைக்கும் அளவுக்குத் தகுதியில்லாத சொற்கள். அவற்றுக்குள் அப்பா பெனியனோடும் அரைவிரலோடும் எழும்பி நின்றார்.

கத்தரீனா பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"கொஞ்சம் கருவாடு மோனை. வேறை ஒண்டும் எங்களிட்டை இல்லை."

"குடாதேங்கோ அம்மா" என்றாள் ராணி. "அவையளுக்கு மஞ்சள் தண்ணி வீண் செலவு."

மேசைக்கு அந்தப் பக்கம் முகம் வெளுத்தது. கத்தரீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மகளைப் பார்த்தாள், மேசைக்காரியைப் பார்த்தாள். லோஜினி பொட்டலத்தைத் தொடவில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. வலதுபக்கத்தில் இருந்த கோப்புகளைத் தள்ளி, அது இருக்க இடம் விட்டாள். தள்ளிய கோப்புகளுக்குக் கீழே பாதி அகராதி ஒன்று கிடந்தது. கத்தி இழுத்த பக்கம் வெளியே தெரிந்தது. ஓரம் மஞ்சள். அதன்மேல் தூசி, பல மாதத் தூசி.

"நாலு பக்கத்தையும் கொண்டு போங்கோ. தேவையில்லை" என்றாள் லோஜினி. பிறகு வாசலைப் பார்த்து, "அடுத்த ஆள்" என்றாள்.

பத்தொன்பதாம் நாள் சந்தியோகு வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, காலில் புண்ணோடு, நிறுவனத்து வாகனத்தில் வந்து வளவு வாசலில் இறங்கினார். சனம் கூடிவிட்டது. ஒரு மிடறு பிளேன்ரீ குடித்த கையோடு கதை சொல்லத் தொடங்கினார்.

"ஒருத்தன் கடதாசியோடை வந்தவன். எல்லாரையும் வரிசையிலை விட்டுக் கையை நீட்டச் சொன்னவன். என்ரை விரலைப் பாத்தான், கடதாசியைப் பாத்தான். பெனியன்ரை தோளைப் பாத்தான். கறுப்பு நூல்! அவன் சிரிச்சுப்போட்டான். வா வெளியிலை எண்டான்." அவர் மகளின் பக்கம் திரும்பினார். "என்ரை பிள்ளையின்ரை இங்கிலீசு! கயித்திலை குத்திக் குத்திப் படிச்சது வீண்போகேல்லை."

சனம் ராணியைப் பார்த்தது. நாலு வருசமாக எந்தப் பார்வைக்காக அவள் சொல் சேர்த்தாளோ அந்தப் பார்வை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பேசாமல் நின்றாலே போதும். பேசாமல் நிற்பதும் ஒரு பதில்தான் என்பதை ஒருத்தி ஒருநாள் சைக்கிள் கைபிடியைப் பிடித்தபடி நின்று அவளுக்குக் காட்டியிருந்தாள்.

"நான் எழுதேல்லை அப்பா" என்றாள். "விபரம் அம்மா சொன்னது. எழுதினது தலைப்பக்கக்காரி."

சந்தியோகுவுக்கு ஆள் பிடிபடச் சற்று நேரம் எடுத்தது.

"அந்தக் கொக்குவில் பிள்ளையோ? வந்து முதல் பங்கு எடுத்தவள்? அப்ப கோபம் தீர்ந்துபோச்சோ?"

"இல்லை" என்றாள் ராணி. "அவளுக்கும் தீரேல்லை. கோபத்தோடைதான் எழுதினவள்."

சந்தியோகு மிச்சத் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப திறமான கைதான்" என்றார். "கோபத்திலை வெட்டுறவனுக்குப் பங்கு சரியா விழாது. அவளுக்கு விழுந்திருக்கு."

ராணி கிணற்றடிக்குப் போனாள். அப்பா குளிக்கத் தண்ணீர் இழுத்து வைக்க வேண்டும். வாளியை விட்டாள், இழுத்தாள். வாய் பழக்கத்தில் அசையப் பார்த்தது. அவள் அதை மூடிக்கொண்டு, வளவுக்குள் உட்கார்ந்திருந்தவரை ஒருமுறை பார்த்தாள். கட்டம்போட்ட பச்சைச் சாரம். பெனியன். இடது தோளில் கறுப்பு நூல், ஏழு தையல்.